செட் ஆகலைங்க

அஸ்தம்பட்டி கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை மாடியில் என் மேசை.
சென்னைக்குப் போகிற மேல்முறையீட்டுக் கட்டுகளை
ஆங்கிலமாக்கித் தட்டித் தருவேன்,
பக்கத்துக்கு நாற்பது ரூபாய்.
பெருமூச்சுக்குக் காசு வாங்குவதில்லை.

இன்றைய கட்டு: மாதேஸ்வரி எதிர் கஞ்சமலை.
அவர் அம்மாப்பேட்டையில் தறி.
இவர் சிவதாபுரம் வெள்ளிப் பட்டறையில்
கொலுசுக்கு மணி கோக்கிறவர்.
கொடுமை நிரூபிக்கப்படவில்லை,
மனு தள்ளுபடி.

குறுக்கு விசாரணை, நான்காம் பக்கம்.
அடித்தாரா? இல்லை.
குடிப்பாரா? தீபாவளிக்கு.
வேறு பெண் தொடர்பு? (சாட்சி சிரிக்கிறார்.)
பிறகு எதற்கம்மா விவாகரத்து?
செட் ஆகலைங்க.

இங்கிலீஷ் சொல்லை இங்கிலீஷாக்க முடியாமல்
பதினொன்றரை மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அகராதியைப் புரட்டினால்
அந்த மூன்றெழுத்துக்குப் பக்கம் பக்கமாய்ப் பொருள்.
முறிந்த எலும்பு கூடுவது அது.
பாகு இறுகுவது, பொறி வைப்பது,
மோதிரத்தில் கல் பதிப்பது,
மோப்பம் பிடித்த நாய் அசையாமல் நிற்பது.
சாயங்காலம் சூரியன்
கஞ்சமலைக்குப் பின்னால் இறங்குவதும் அதே.
ஒரு சொல்லுக்குள் ஊரே குடியிருக்கிறது,
மாதேஸ்வரிக்கு மட்டும் ஒரு அறை இல்லை.

நம்மிடம் வந்தபின் அது வேறு பிழைப்புப் பார்த்தது.
பம்ப்செட்டாகி ஓமலூர்க் கிணற்றில் இறங்கியது.
பேண்டு செட்டாகி
மாப்பிள்ளைக்கு முன்னும் பிணத்துக்கு முன்னும்
ஒரே சிவப்புச் சட்டையில் நடந்தது.
பல்செட்டாகி
டம்ளர் தண்ணீரில் ராத்திரி முழுக்கச் சிரித்தது.
நீங்க எந்த செட்டு என்று வயசை விசாரித்தது.
கூடவே ஒரு ‘அப்’ சேர்ந்தால்
தெருவில் சண்டை.

பொருந்தவில்லை என்று போடலாமா?
அது ஜாதகக்காரர் பேச்சு.
பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று
அதே கட்டில் இருக்கிறது, ஆவணம் மூன்று.
ஒத்துவரவில்லை என்பது மாத்திரைக்கும்
மாடி வீட்டு வாடகைக்காரருக்கும்.
இன்கம்பாட்டிபிள் என்று அடித்துப் பார்த்தேன்.
பிரிண்டரைச் சொல்வதுபோல் இருந்தது.

நாலு மணிக்குக் கீழே இறங்கி
ஒரு செட் என்றேன்.
இரண்டு தட்டுவடை, நடுவில்
பீட்ரூட், வெங்காயம், ரெண்டு கலர் சட்னி.
வக்கீல் போன் வந்தது. பேசி முடிப்பதற்குள்
நமுத்துப்போயிற்று.
உடனே தின்னுடணும் மேடம், என்றார் கடைக்காரர்,
என்னைத் திட்டுவதுபோல.

மேலே வந்து ஏழாம் பக்கம்.
பக்கத்து வீட்டுச் சாட்சி:
ரெண்டு பேருமே கட்டும் செட்டுமா இருப்பாங்க.
கை தானாக அதே மூன்றெழுத்தை அடித்துவிட்டது.
அழித்தேன்.
இந்தச் செட்டு கப்பலில் வந்ததில்லை.
இது சிக்கனம்,
அடகில் இருந்த தறியை மீட்க
அவர் ராத்திரி ஷிப்டும் இவர் பகல் ஷிப்டுமாய்
ஆறு வருஷம் சேர்த்தது.

அதற்குக் கீழே, மறுபடியும் மாதேஸ்வரி.
அவர் எந்திரிச்சுப் போன பாய்
சூடாவே இருக்கும்ங்க.
அதுலதான் நான் படுப்பேன்.
அந்தச் சூடு தெரியும், ஆளத் தெரியாது.

விசிறியை நிறுத்தினேன், ஏனென்று தெரியவில்லை.

கடைசிக் கேள்வி எதிர்த்தரப்பு வக்கீலுடையது:
ஒண்டியாய் எப்படிப் பிழைப்பீர்கள்?
சோடி இருந்தாத்தான் சார் செட்டு, அதுக்குத்தான் கூலி சேதாரம்.
ஒத்தக் கொலுசையும் எடை போட்டு எடுத்துக்குவாங்க.

இந்த வரி சுலபமாக ஆங்கிலமானது.

நான்காம் பக்கத்துக்குத் திரும்பி
அவர் சொன்னதையே அப்படியே அடித்தேன்.
இட் டிட் நாட் செட்.
தயிருக்கும் சிமெண்டுக்கும் சொல்கிற வாக்கியம்.
சென்னையில் யாராவது
சிவப்பு மையில் வட்டம் போடுவார்கள்.
போடட்டும்.

மொத்தம் இருபத்திரண்டு பக்கம்.
பில்லில் இருபத்தொன்று என்று எழுதினேன்.