பிராது நோட்டு

வாதி: அன்ஸ்கார் பீல்.
சோலிங்கன் நகரத்து டிராலி பஸ், இரவுப் பணி.
பிரதிவாதி என்று காகிதத்தில் இருந்தது
கெர்லிண்டே ஹேவரின் பெயர்.
உண்மைப் பிரதிவாதி அந்நேரம்
வேலியோரம் புழு கிளறிக்கொண்டிருந்தது.

மூன்றரைக்கு வண்டியை விட்டுவிட்டு
நாலுக்குள் கண்ணயர்கிற மனிதர் பீல்.
நாலு பன்னிரண்டுக்கு அது தொடங்கும்.

மற்ற சேவல் கூவல் ஒரு கொட்டாவிக்குள் முடிந்துவிடும்.
இது பெர்க் நாட்டு நெடுங்கூவி.
பொன்னும் கரியும் கலந்த முதுகு,
மழைநேரத்து ஸ்லேட் நிறத்தில் கால்.
கழுத்தை நீட்டி ஏற்றிய குரலை
இறக்கிக்கொண்டே நாலடி நடக்கும்.
மூச்சு தீரும் இடத்தில்
அலகு ஏறக்குறைய மண்ணில் இருக்கும்.

வுப்பர் ஆற்றங்கரைச் சாணைக்காரர்கள்
கல்லின் இரைச்சலில் காது போனவர்களாம்.
தங்களுக்கும் கேட்கட்டுமென்று
நீளக் கூவியவனையே விதைக்கு வைத்தார்களாம்.
கெர்லிண்டே சொன்னாள். பாதி நம்பினேன்.
மீதிப் பாதியை அவளும் நம்பவில்லை.
பஞ்ச வருஷங்களில்
நெடுங்குரலுக்கென்று தனி ருசி கிடையாது.
பானையில் எல்லாம் ஒரே சூப்புதான்.
தப்பியவை எத்தனை என்று
எங்கள் சங்கத்திலேயே மூன்று கணக்கு உண்டு.

நான் அந்தச் சங்கத்தின் காரியதரிசி.
மே மாதத்து ஞாயிறு, விடியுமுன்,
கூண்டுகளுக்கு எதிரே ஸ்டாப்வாட்சோடு நிற்பவன்.
நல்லூரில் பிறந்தவன்.
சேவற்கொடி ஏறும்போது கைகூப்பியிருக்கிறேன்.
அந்தச் சேவல் எத்தனை நொடி கூவும் என்று
அங்கே யாரும் கேட்டதில்லை.

வழக்கு நாளில் பீல் ஒரு நோட்டை நீட்டினார்.
இருநூற்றுப் பதினாலு விடியல்.
பஸ் அட்டவணை எழுதிப் பழகிய கையெழுத்து.
மழை: ஒன்பது நொடி.
உறைபனி: பன்னிரண்டு.
காற்று மேற்கிலிருந்து: பத்து, நடுவில் ஒரு விக்கல்.
மே மூன்று: பதினாலு.
அதற்குக் கீழே பொடி எழுத்தில்,
'நம்பவில்லை. மறுநாளும் எண்ணினேன்.'

நீதிபதி பக்கம் புரட்டினார்.
எனக்குக் கை பரபரத்தது.
என் அலமாரியில் நாற்பது வருஷப் போட்டி முடிவுகள்.
அத்தனையும் ஞாயிற்றுக்கிழமைக் குரல்,
ஊர்ப் பார்வைக்குத் தலைசீவி வந்த குரல்.
ஒரே சேவலின் திங்கட்கிழமையை,
சளி பிடித்த பிப்ரவரியை,
இறகு உதிர்ந்த வெட்கத்தை
எழுதி வைத்தவர் எவருமில்லை,
அதை வெறுத்த இந்த ஒருவரைத் தவிர.

தீர்ப்பு: காலை ஏழு வரை
கறுப்புத் துணி மூடிய பெட்டி.
படியிறங்குகையில் ஒரு பிரதி கேட்டேன்.
"அது சாட்சியம்" என்றார். நடந்துவிட்டார்.

கோழி கூவியா பொழுது விடியும் என்பார்கள் எங்கள் பக்கம்.
பீல் வீட்டில் அப்படித்தான் விடிந்திருக்கிறது.
தீர்ப்புக்குப் பிறகும் நோட்டு நிற்கவில்லை.
4.12, இல்லை.
4.12, இல்லை.
4.12, இல்லை. விழித்திருக்கிறேன்.
இது பின்னால் தெரிந்தது.
அக்டோபரில் மரநாய் பெட்டியைத் திறந்தது.
மிச்சம்,
தோட்டத்துக் குழாயடியில் ஒரு வால் சிறகு.

மார்ச்சில் அதன் மூன்று மகன்களை வரிசையாக நிறுத்தி
எவனை வைப்பது, எவனை விற்பது என்று
நானும் கெர்லிண்டேயும் ஒரு மணி நேரம் தர்க்கம்.
அவளுக்கு நடுவன். நிறம் சுத்தம்.
எனக்கு வலப்பக்கத்தவன். பதினொரு நொடி.
வேலிக்கு மேலே ஒரு தலை, தூக்கக் கலக்கத்தில்,
கழற்றாத சீருடைச் சட்டையோடு.
"இடப்பக்கத்தவன்" என்றது.
"கடைசியில் குரல் உடைகிறதே" என்றேன்.
நோட்டைப் பிரித்து விரல் வைத்தார்:
"போன மார்ச்சில் அப்பனுக்கும் உடைந்தது.
ஏப்ரலில் சேர்ந்துகொண்டது."

அவனைத்தான் வைத்தோம்.

ஜூனில் பதிவுத் தபால் வந்தது.
வாதி: அன்ஸ்கார் பீல்.
இணைப்பு: எண்பத்தொரு விடியலின் விவரம்.
கெர்லிண்டே வக்கீலைத் தேடினாள்.
நான் இணைப்பை முதலில் படித்தேன்.
பதினாறு நொடி!