இதரச் செலவு

சாவியை நேராகத் திருப்பினால் திறக்காது.
கைப்பிடியைச் சற்றே தூக்கி, இடப்பக்கம், ஒரு தட்டு.
முப்பத்து நான்கு வருடச் செயலாளர்
பொறுப்பை ஒப்படைத்தபோது
எனக்குச் சொன்னது இவ்வளவுதான்.
போட்ட மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.
இது எந்தக் கணக்கில் வாங்கியது என்று
கேட்டுவிடுவாரோ என நினைத்தேன்.

எழுபதுக்கு மேல் பதவியில்லை என்று
டெல்லியில் யாரோ விதி எழுதியிராவிட்டால்
பாடலீஸ்வரன் இன்றும்
மஞ்சக்குப்பம் மைதானத்து ஓரத்தில்
அதே இரும்பு நாற்காலியில் இருந்திருப்பார்,
மடியில் ஃபைல், ஃபைல்மேல் மை டப்பா.

பூப்பந்து மட்டையை அவர் ஒருநாளும் வீசியதில்லை.
பொதுப்பணித்துறையில் எழுத்தர்.
ஆறு மணிக்குப் பின்னும் எழுத்தர்.

தலைவர்கள் வந்தார்கள், போனார்கள்.
பண்ருட்டி முந்திரிக்காரர், பாலிடெக்னிக் தாளாளர்,
ஒருமுறை எம்.எல்.ஏ.வின் மைத்துனர்.
நடு நாற்காலி அவர்களுக்கு.
மேடைக்குப் பின்னால் நின்று
கோப்பைகளை வேட்டி நுனியால் துடைப்பது இவர்.
எதிர்த்து நின்று தோற்றவர்களும்
மறுவாரமே வந்து நிற்பார்கள்,
ரயில் சலுகைப் படிவத்தில் முத்திரை வேண்டுமே.

நானும் நின்றவள். மூன்று தேர்தல்.
சரியாகச் சொன்னால் நான் தோற்றது அதற்கும் முன்பு,
தொண்ணூற்றாறில், ஒரு ஜனவரி மாலை.
கடற்காற்றில் மஞ்சள் கம்பளிப் பந்து
வலைக்கு மேலே வந்ததும் ஒரு கணம் தயங்கும்.
அந்தத் தயக்கத்தில் அடிக்கத் தெரிந்தவள்
அன்று இந்த மாவட்டத்தில் நான் ஒருத்தி.
மாநிலப் போட்டிக்குப் பட்டியல் வாசித்தார்.
பத்துப் பேர்.
பத்தாவது, முந்திரிக்காரரின் அண்ணன் மகள்.
அவளுக்கு சர்வீஸே வராது.

பீரோ திறந்ததும் நான் தேடியது திருட்டைத்தான்.
தானே புயலில் கூரை பறந்து நனைந்து
அப்பளமாய்ப் பொரிந்திருந்த கணக்கு நோட்டுகள்.
எலுமிச்சம்பழம் இரண்டு டஜன்.
கோடு போடச் சுண்ணாம்பு.
நடுவர்களுக்குக் காபி, நான்கு.
ஐந்தாவது எங்கும் இல்லை.
விடிய விடியக் கூட்டினேன்.
கூட்டல் சரியாக இருந்தது.
எனக்கு எரிச்சலாக இருந்தது.

பிறகு அந்தப் பக்கம் வந்தது.
பத்தாவது வரியில் ஞா. அமலோற்பவம்,
ஸ்கேல் வைத்து அடித்த ஒற்றைக் கோடு.
கை நடுங்காத கோடு.
அதே தேதியில் வரவு:
முந்திரிக்காரர் நன்கொடை ஐயாயிரம்,
வலை இரண்டு, கம்பம் நான்கு.
அதே தேதியில் செலவு, இதரம்:
பட்டியலில் விடுபட்ட பெண்ணுக்கு ஆட்டோ,
மைதானம் முதல் முதுநகர் வரை, ரூ. 35.

அழுதுகொண்டே போனது ஞாபகமிருக்கிறது.
ஆட்டோவை யார் நிறுத்தியது என்று
இருபத்தேழு வருடம் யோசித்ததில்லை.
அந்த வலையில்தான் பிறகு எட்டு வருடம் ஆடினேன்.
அந்தக் கம்பத்தில்தான் சைக்கிளைச் சாய்த்துவைப்பேன்.

மன்னிக்கவில்லை. அதையும் எழுதிவைக்கிறேன்.

நேற்று புதிய தலைவர் போன் செய்தார்.
ஷூ பத்து ஜோடி தருகிறாராம்.
தங்கை பையன் ஒருவன், நன்றாக ஆடுவானாம்.
பார்க்கிறேன் என்றேன்.
சொன்ன பிறகுதான் உறைத்தது,
அது என் குரலில் வந்த அவருடைய சொல்.

படிவத்தில் ஒன்பது பெயர் எழுதியாயிற்று.
வெளியே பையன்கள் வெறுங்காலோடு
சுண்ணாம்புக் கோட்டை அழித்துக்கொண்டு ஓடுகிறார்கள்.
பீரோவின் அடித்தட்டில் ஸ்கேல் கிடக்கிறது,
ஓரம் முழுக்க மசியேறிக் கறுத்து.

போன் அடித்தது. பாடலீஸ்வரன்.
பட்டியலைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று
பதிலோடு தயாராக இருந்தேன்.
"வலையைக் கழட்டிட்டியாம்மா?
உப்புக்காத்து, நூல் இத்துப்போயிடும்."

எழுந்து போய்ப் பார்த்தேன்.
கழற்றியிருக்கவில்லை.