ஈர்க்குச்சியில் ஒட்டியது

மண்டபத்தில் ஏதோ கூட்டமாம்.
பாசி எடுக்கிற பெண்களை உட்காரவைத்து
படம் காட்டி, பேசி, கைதட்டி
ஆளுக்கொரு அட்டைப்பெட்டி கொடுத்தனுப்பினார்கள்.
இருதயமேரி பிரிக்காமல் கொண்டுவந்தாள்.
சமோசா எனக்கு.
கறுப்புத் துண்டு ஜெபினாவுக்கு.
பெட்டி மூலையில் ஒட்டியிருந்த நகமளவை வழித்து
நாக்கில் வைத்தேன்.
அதோடு விட்டிருக்கலாம்.

வேலைநிறுத்தம், பதினோராம் நாள்.
படகு தங்கச்சிமடத்துக் கரையில்
சும்மா தலையாட்டிக்கொண்டு நிற்கிறது.
எஞ்சினைத் துடைத்தாயிற்று, இரண்டு தடவை.
துடைக்க வேறொன்றும் இல்லாத கைக்கு
அந்த நகமளவு ஞாபகம் வந்தது.

சீனிக்காதர் கடையில் சீனி கடன்.
மைதா கடன்.
கொக்கோப் பொடிக்கு ராமேசுவரம் பஸ் ஏறவேண்டியிருந்தது.
வெண்ணெய் விலையைக் கேட்டுவிட்டு
பாதி கொடு தம்பி என்றேன்.
"அண்ணே, அது பாக்கெட்டு" என்றான்.

குக்கர் அடியில் மணல் பரப்பச் சொன்னது
ஃபோனில் ஒரு பெண்.
மணலா எங்களுக்குப் பஞ்சம்?
ஒரு கொட்டான் நிறைய அள்ளி வந்தேன்.
சூடு ஏறியதும் உள்ளே படபடவென்று வெடிக்கிறது.
சிப்பி, சோழி, எதன் முள்ளோ.
வீடெல்லாம் கருவாட்டு வாசம்.
வாசலிலேயே கொட்டிவிட்டு
கல்லுப்புக்கு மாறினேன்.
அதுவும் இதே வாசலில் இருந்து வந்ததுதான்,
கொஞ்சம் சுற்றி.

வெந்நீர்ச் சட்டியின் மேல் கிண்ணம்.
வெண்ணெயும் சாக்லேட்டும் ஒன்றையொன்று இழுத்து உருகின.
இந்தப் பளபளப்பு எனக்குப் பழக்கம்:
ஆயில் மாற்றுகிற அன்றைக்கு
எஞ்சின் அடியில் வடிகிற கறுப்பு.
இதை நக்கலாம், அவ்வளவுதான் வித்தியாசம்.
நக்கினேன்.

நாலு முட்டை, சீனி, ஒரு முள்கரண்டி.
வெளுக்கிறவரை அடிக்கணும்.
ரோப்பு இழுத்த தோள்
கால்மணி நேரத்தில் கெஞ்சியது.
மாவைச் சலித்துப் போட்டு
"இப்ப ரொம்ப முக்கியமான விஷயம்" என்று
அந்தப் பெண் விரலை உயர்த்தியபோது
டேட்டா தீர்ந்தது.

கேஸ்கட் இல்லை, வெயிட் இல்லை.
விசில் வராத குக்கரின் முன்னால்
குத்தவைத்து உட்கார்ந்தேன்.
இருபது வருசம் எஞ்சினைக் காதால் ஓட்டியவன்.
எந்த வால்வு திணறுகிறது என்று
தூக்கத்தில்கூடச் சொல்வேன்.
மாவு ஒரு சத்தமும் போடவில்லை.
வாசம்தான் முதலில் வந்தது,
பிறகு பக்கத்துவீட்டுக் காளீஸ்வரி,
"என்ன கருகுது?"

புதுத் துடைப்பத்தில் ஈர்க்குச்சி ஒன்றை உருவி
நடுவில் குத்தினேன். ஈரம்.
பத்து நிமிசம் விட்டுக் குத்தினேன்.
பொடியும் பிசினுமாக ஒட்டி வந்தது.
சுத்தமாக வரணுமா, ஒட்டணுமா?
முக்கியமான விஷயம் இதுதானோ என்னவோ.
நகமளவை நாக்கில் மறுபடி தேடினேன்.
அது மேல்வாயில் ஒட்டியது.
அடுப்பை அணைத்தேன்.

மேரி நனைந்த சட்டையோடு வந்தாள்.
விரலெல்லாம் துணி சுற்றி
இடுப்புப் பையில் பாதிதான் பாசி.
குக்கரைப் பார்த்தாள்,
உப்பு ஜாடியைப் பார்த்தாள்.
"இத யாரு தேய்க்கிறது?"
"ஆறட்டும்மா, அப்பறம்தான் வெட்டணும்" என்றாள் ஜெபினா,
எல்லாம் தெரிந்தவள் போல.
யார் பொறுத்தது?
மீன் அரிகிற கத்தியில் வெட்டினேன்,
பாதி உதிர்ந்தது.
மேரி கட்டைவிரலிலும் ஆள்காட்டியிலும் மட்டும்
துணியை அவிழ்த்தாள்.
பாறை கிழித்த இடம் வெளுத்து ஊறியிருந்தது.
ஓரத்துண்டை எடுத்தாள்.
மென்றாள். ரொம்ப நேரம்.
"அன்னைக்குக் குடுத்தது இது இல்ல."
தண்ணீர் குடித்துவிட்டு
இன்னொரு ஓரத்தையும் எடுத்தாள்.

மறுநாள் டோக்கன் கொடுத்தார்கள்.
நடுத்துண்டுகளை டிபன் பெட்டியில் அடைத்தேன்.
ராத்திரி இரண்டு மணிக்கு, கச்சான் தள்ளுகிற அலையில்
சகாயராசு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு கேட்டான்:
"கருப்பட்டியா?"
ஆமாம் என்றேன்.
வலை ஏறிக்கொண்டிருந்தது.