கடைசி வாங்கு

நான் கேட்டுத்தான் வந்தாள் முஸ்பிகா.
ஒலுவில், இரண்டாம் மாடி, காலை எட்டரை.
கணக்கீட்டு வகுப்பின் கடைசி வாங்கில்
ஒரு கொப்பியோடு இருந்தாள்.
தேய்மானம் படிப்பித்தேன். நன்றாகவே,
என்று நினைத்தேன்.

பிறகு கன்டீனில், பிளேன்டீ ஆறமுன்,
கொப்பியை என் பக்கம் தள்ளினாள்.
வெறும் எண்கள்:
"விளங்கிச்சா" பதினாறு தரம்.
ஒவ்வொன்றுக்கும் பின் நான் காத்திருந்தது
இரண்டு செக்கன். ஒருமுறை மட்டும் மூன்று,
அது இருமல்.

பதினாலு வருடச் சேவை எனக்கு.
ஒரு கிழமை அவளோடு பேசவில்லை.

இன்று கேள்வியைக் கேட்டுவிட்டு
வெண்கட்டியை வைத்தேன்.
நான்கு. ஐந்து.
மின்விசிறி கிறீச்சிட்டது.
ஏழில் யாரோ பேனை மூடியைக் கழற்றி மாட்டினார்கள்.
என் நாக்கு விடையை ஏந்திக்கொண்டு
பல்லுக்குப் பின்னால் நின்றது.
பதினொன்றில்,
ஒருநாளும் வாய் திறக்காத
பாலமுனை நஸ்மிர்:
"வாப்பாட போட் எஞ்சின் தேயுது சேர்,
தேஞ்ச காசு எங்க போகுது?"

புத்தகத்தில் விடை இருக்கிறது.
நான் சொல்லவில்லை.
"வேற ஆரும்?" என்றேன்.
ஜன்னலோரம் ஒரு கை
அரைவாசி உயர்ந்து நின்றது.

முஸ்பிகாவின் வகுப்பு புதன், பத்து மணி.
எனக்கும் ஒரு கொப்பி வாங்க வேண்டும்.