நாற்பது மீட்டர்

சுங்கை கெலாடி தோட்டத்து மைதானத்தில்
ஏழாம் குழி முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.
சக்கரம் உருட்டி அளந்தவன் நான்.
மூன்று முறை அளந்தேன், மூன்று முறையும் அதேதான்.
"பத்தாது" என்றார் செயலாளர் ரஸ்லான்.

ஹரிவர்மன் பெர்த்திலிருந்து படித்துத் திரும்பியதிலிருந்து
பந்துக்குப் பயம் விட்டுப்போயிற்று.
ஒரே அடி. மழைக்கால்வாயைத் தாண்டி,
கிரீனுக்கு முப்பது எட்டு முன்னால் விழுந்து
வீட்டு நாயாக உள்ளே ஓடும்.
ஆட்டம் சப்பென்று ஆகிவிட்டதாம்.
செயலவையில் ஏழு பேர்.
அதில் ஐந்து பேர் இன்றுவரை
அந்தக் கால்வாயைத் தாண்டியதில்லை.

டீயைப் பின்னால் தள்ள வேண்டும், நாற்பது மீட்டர்.
பின்னால் என்ன இருக்கிறது?
பதினான்காம் பிளாக் செம்பனை, ஆறு மரம்,
அதற்குப் பின் முள்கம்பி,
அதற்குப் பின் மில்லுக்குப் போகும் லாரிப் பாதை.
"இன்னும் ஒரு பையன் படித்துவிட்டு வந்தால்
பக்கத்துத் தோட்டத்தில் நின்றுதான் அடிக்கணும்"
என்றார் டாக்டர் இயாப்.
எல்லாரும் சிரித்தார்கள்.
தீர்மானம் நிறைவேறியது.

என்னைக் கேட்டிருந்தால்,
கேட்கவில்லை,
புல்லை இரண்டு விரல் உயரம் விடச் சொல்லியிருப்பேன்.
ஓரத்து லாலானை ஒரு மாதம் தொடாதே என்றிருப்பேன்.
என் கையில் ஒரு குழிவெட்டி இருக்கிறது,
வாய் அகலம் நாலேகால் அங்குலம்.
நாற்பது மீட்டரை அதற்குள் போட்டு மூடிவிடலாம்.

வெள்ளிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல்,
நாலாம் குழியில் அதைச் செய்தேன்.
நூற்றுப் பதினெட்டே மீட்டர்.
கறையான் புற்றை நிரவிய மேட்டுக்குப் பின்னால்
சரிவு தொடங்கும் இடமாகப் பார்த்து வெட்டினேன்.

சனிக்கிழமை லூர்துமேரி வந்தார்,
டிஸ்பென்சரி வேலை முடிந்து, பையில் ஐந்தே மட்டை.
கிரீனில் பந்தை நிறுத்திவிட்டு
ஊசி போட நரம்பு தேடுகிறவராய்க் குனிந்து பார்த்தார்.
குழி ஒரு பக்கமிருக்க வேறு பக்கம் தட்டினார்.
பந்து மேடேறி, யோசித்து, மனம் மாறி,
இறங்கி விளிம்பில் நின்றது.
இன்னொரு தட்டு. மூன்று.

ஹரிவர்மனுக்கு ஏழு.
கத்துவான் என்று பார்த்தேன்.
மோவரை நிறுத்தச் சொல்லிக் கிட்டே வந்து
"அண்ணே, நாளைக்கு எங்க வெட்டுவீங்க?" என்றான்.
சொல்லவில்லை.

ஆனாலும் ஆறு மரமும் விழுந்தன.
குலைகளை எடைபோட்டு மில்லுக்கு அனுப்பி
ரசீதைக் கோப்பில் சொருகினார்கள்.
மண் கொட்டி, புல் ஒட்டி, கறுப்பு டீ ஆயிற்று.
ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் நிற்கிறார்கள்.
மற்ற நாளெல்லாம் ஓர் உடும்பு.
வியாழன்தோறும் வெட்டுவது நான்.
டீசல் கூடியிருக்கிறது.
சம்பளம் மட்டும் முன் டீயிலேயே நிற்கிறது.

இதோடு நிறுத்தினால் நியாயம் என் பக்கம்.

போன செவ்வாய், மழை இருட்டிக்கொண்டு வந்த நேரம்,
ஆளில்லை.
கால்வாயில் யாரோ வீசிப்போன மட்டையோடு
கறுப்பு டீயில் ஏறி நின்றேன்.
கொடி அங்கிருந்து ஒரு தீக்குச்சி.
பதினெட்டு வருடம் நான் வெட்டிய புல்
யாரோ வெட்டியதாக எதிரே கிடந்தது.
அடித்தேன்.
கால்வாய்க்கு இந்தப் பக்கமே விழுந்தது.
இன்னொன்று அடித்தேன்.
சட்டை நனைந்தது. இன்னொன்று.
கண் தெரியாமல் போகும்வரை.

விடியுமுன் போய்ப் பொறுக்கினேன்.
அடித்தது பன்னிரண்டு, கிடைத்தது பதினொன்று.
கால்வாய்க்குள் இறங்கித் துழாவினேன், இல்லை.
அந்தப் பக்கம் போய்த் தேடவில்லை.
ரஸ்லானிடம் சொல்லவும் மாட்டேன்.