கண்ணீர் அளவு

பதினாலாம் நம்பர் அறையில்
இரவு பதினொன்றரைக்குள் நாலு தடவை
வாளி நகரும் சத்தம்.
ஐந்தாவதற்கு லெட்ஜரை மூடிவிட்டேன்.

பாபுராவ் தெருவில் லாட்ஜ் கணக்கெழுதும் எவனுக்கும்
வங்காளத்தில் பத்து வார்த்தை தெரியும்.
சாவி, வாடகை, ஸ்டவ், நாளைக்கு.
கொல்கத்தாக்காரருக்குத் தண்ணீர் ஜல்,
எல்லை தாண்டி வந்தவருக்குப் பானி.
வயிறு கெட்டால் இருவருக்கும்
பேட் காராப்தான்.

சாவி கொடுக்கும்போதே சொல்லிவிடுவேன்,
கையால் பாதி வாயால் பாதி:
குழாய்த் தண்ணி வேணாம், டேங்கர்ல வர்றது,
பாலாறு இப்ப மணலத்தான் குடுக்குது.
கேன் வாங்கு, அதையும் கொதிக்க வை.
நறுக்கி வெச்ச பப்பாளி கண்ணால பாக்க மட்டும்.
கரும்புச்சாறு வண்டிக்கு ஐஸ் எங்கேருந்து வருதுன்னு
எனக்கே தெரியாது.
தலையாட்டுவார்கள்.
எல்லாரும் நன்றாகத் தலையாட்டுவார்கள்.

சாத்கீராவிலிருந்து மனைவியோடு வந்த
மொஃபிசுலும் ஆட்டினார்.
அவள் தோளில் எலுமிச்சை அளவு கட்டி.
காலையில் போனால் சாயங்காலம் திரும்பிவிடலாம்,
பயமில்லை என்று நேற்று டாக்டர் சொல்ல,
அந்த ஒரு சொல்லுக்காக
ஆறு மக்கன் பேடா,
ஐஸ் மிதக்க இரண்டு டம்ளர் கரும்புச்சாறு.

கதவைத் தட்டினேன்.
கட்டிலில் அவர் கேள்விக்குறி மாதிரி.
காய்ச்சல் இல்லை, ரத்தம் இல்லை, கேட்டுக்கொண்டேன்.
இருந்தால் ஆட்டோதான், அவசரப் பிரிவுதான்.
எதிர்க்கடையில் உப்புச் சர்க்கரைப் பொட்டலம்
வாங்கி வரவா என்று சைகை செய்தேன்.
ஷாஹெரா கையை அசைத்தாள்.
தண்ணீர் ஏற்கெனவே கொதித்து
ஆறிக்கொண்டிருந்தது.

அரை லிட்டருக்கு
மூன்று விரல் நுனி கிள்ளிய உப்பு,
மண்டித்தெரு வெல்லம் ஒரு கைப்பிடி.
எந்தப் பள்ளியில் படித்தாளோ,
வாசலுக்கு வந்து எந்தப் பெண் சொல்லிப் போனாளோ,
விரல்கள் யோசிக்கவே இல்லை.
ஆறு வருஷமாய் நான் ஓதிய புத்திமதி
நாற்காலி தேடி
ஓரமாய் உட்கார்ந்தது.

கலக்கி ஒரு கரண்டி எடுத்து
உதட்டருகே கொண்டுபோனவள்
நின்றாள்.
மணி பன்னிரண்டு தாண்டி ஐந்து.
சுவரில் ஒட்டிய சீட்டில் சிவப்பு மையில் அடிக்கோடு:
பன்னிரண்டுக்கு மேல் ஒரு சொட்டும் கூடாது.

ஏகா பாய், என்று நீட்டினாள்.
ஏகாம்பரம் அவர்கள் வாயில் அவ்வளவுதான் நுழையும்.
ஏகா என்றால் அவர்கள் மொழியில்
தனியாள் என்று யாரோ சொன்னதுண்டு.
நான் வாங்கத் தயங்கியதும்
கண்ணுக்குக் கீழே விரல் வைத்து
கன்னம் வரை கோடு இழுத்தாள்.
அழப்போகிறாளோ என்று பயந்தேன்.
இல்லை. அளவு சொல்கிறாள்:
கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது.

நாக்கில் வைத்தேன்.
ஒப்பிட வேண்டுமே.
கடைசியாக எப்போது?
காட்பாடி இரண்டாம் பிளாட்பாரம்,
நகரும் ஜன்னலில் என் மகள்,
மீசை ஓரம் வழிந்து வாய்க்குள் வந்தது
அன்றைக்கு.
அதைவிடக் கம்மி, என்றேன் தமிழில்.
புரிந்துகொண்டாள்.

முதல் டம்ளரை வாந்தி எடுத்தார்.
பத்து நிமிஷம் விட்டு
மறுபடி, இம்முறை கரண்டி கரண்டியாக,
காய்ந்த உதட்டோடு அவள் ஊட்ட,
பயணம் வந்த நோயாளி யார், துணை யார்?

இரண்டு மணிக்கு வாளி அடங்கியது.
நாலேகாலுக்கு ஒரு தடவை. அப்புறம் இல்லை.

ஆறரைக்கு இறங்கி வந்தார்கள்.
அவர் கையில் மிச்சம் இருந்த பாட்டில்,
அவள் கையில் ஃபைல்.
இன்றைக்கு என்ன சாப்பிடலாம், வயிற்றைத் தொட்டுக் கேட்டார்.
குழைஞ்ச சோறு, வாழைப்பழம்.
பேடா? என்றார், பாதி சிரிப்பில்.
அவளே முறைத்தாள்,
எனக்கு வேலை வைக்கவில்லை.

பதினாலுக்கு நேரே எழுதினேன்:
கேன் தண்ணீர் இரண்டு.
பேனா சொருகக் கை போனபோது
சட்டைப்பையில் அவர்கள் கரண்டி.
சாயங்காலம் வரட்டும்,
கொடுத்துவிடலாம்.