ஏழாம் கணு

சிலுக்குவார்பட்டியில் கவாத்து முடிந்து
இருபதாம் நாள்,
ஏழாம் கணுவில் பிரிந்த இலையின் காம்பில்
சிவப்பு நூல் கட்டினேன்.
அன்றைக்கு நூலே தேவையில்லை அதற்கு.
செம்பு கலந்த இளஞ்சிவப்பு,
வெயிலுக்கு எதிரே நிற்பவனின்
காதுமடல் மாதிரி.

ஆந்தோசயனின், என்று நோட்டில் எழுதினேன்.
வெளிச்சத்தை வாங்கத் தெரிந்து
செலவழிக்கத் தெரியாத வயதில்
தனக்குத் தானே பிடித்துக்கொள்ளும் குடை.

கவ்விப் பார்க்கும் சின்னக் கருவி
பதினொன்று என்றது.
"இப்ப அது திங்குற வயசு" என்றாள் அமலோற்பவம்,
வாழைநாரால் கொடியைக் கம்பியில் கட்டிக்கொண்டே.
உள்ளங்கையில் பாதி அகலம் வரும்வரை
இலை கொடிக்குச் சர்க்கரை தருவதில்லை,
கொடியிடம் வாங்குகிறது என்பதை
நான் ஒரு பக்கம் படித்துத் தெரிந்துகொண்டிருந்தேன்.

பதினெட்டாம் நாள் இருபத்தாறு.
முப்பத்தெட்டில் நாற்பத்திரண்டு.

அந்த வாரம் அதைப் பார்த்திருக்க வேண்டும்.
கரும்பச்சை, சொரசொரப்பு,
ஓரத்துப் பல் ஒவ்வொன்றும் கூர்.
சிறுமலை மேல் வெயில் ஏறி
கொடைரோட்டில் ரயில் ஊதும் நேரத்துக்கு
அடிப்பக்கத்து வாய்களையெல்லாம் திறந்து
காற்றைத் தின்றுகொண்டிருக்கும்.
உச்சிவேளையில் மூடிவிடும்.
தண்ணீர் கைவிட்டுப் போகிற வியாபாரத்தை
எந்த இலையும் செய்யாது.
கீழே மிளகளவு காய்கள்
அதன் கணக்கில் பெருத்தன.

எழுபதாம் நாள்
மதுரையிலிருந்து ஜீப்பில் பெரிய கருவி வந்தது.
என் சின்னதுக்கு முப்பத்தொன்பது,
பச்சையம் கிட்டத்தட்ட அப்படியே.
பெரியது மூச்சை அளந்து சொன்னது:
வேலை பாதிதான் நடக்கிறது.
யாருக்கும் தெரியாமல்,
நிறம் மாறாமல்.
நான் அதை இரண்டு முறை அளந்தேன்.
பிடிக்கவில்லை எனக்கு.

தொண்ணூற்றெட்டில் நரம்புகளுக்கு நடுவே மஞ்சள்.
புதிதாக வந்தது ஒன்றுமில்லை.
பச்சைக்குப் பின்னால்
முதலிலிருந்தே குடியிருந்த கரோட்டின்.
வீட்டுக்காரர் பெட்டி கட்டியதும்
குடித்தனக்காரர் முகம் ஜன்னலில் தெரிகிறது.
உள்ளே பச்சையம் உடைகிறது,
தழைச்சத்து பிரிந்து
காம்பு வழியே கொடிக்குத் திரும்புகிறது,
தினம் கொஞ்சம், சீட்டுப் பணம் கட்டுவதுபோல.
முடிக்க இன்னும் பதினைந்து நாளாவது வேண்டும்.

காய் இறங்கி ஒரு வாரம்.
அடுத்த காய்ப்புக்கு
மாட்டுத்தாவணி மண்டியிலிருந்து முன்பணம் வந்துவிட்டது.
சேவுகப்பெருமாள் கவாத்துத் தேதியை முன்னால் இழுத்தார்.
பதினான்கு பெண்கள் அண்ணாந்தபடி
இலை உருவினார்கள்.
சடக், சடக்.
பந்தலில் ஓட்டை விழுந்து
வானம் ஒழுகியது.

நான் போய்ச் சேர்வதற்குள்
ஏழாம் கணு மொட்டை.
அமலோற்பவம் மடியிலிருந்து எடுத்து நீட்டினாள்,
நூலோடு.
"தேடுவேன்னு தெரியும்."

கருவியை வைத்தேன். பத்தொன்பது.
திருப்பித் தராமல் நின்றுபோன பத்தொன்பது.
கொடிக்குப் போய்ச் சேர வேண்டியது,
பாதியில் அறுந்துவிட்டது என்றேன்.
சொல்லும்போதே
குரல் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

அவள் இலையை வாங்கிப் பார்த்துவிட்டு
வரப்பில் நின்ற வெள்ளாட்டிடம் நீட்டினாள்.
"இது தின்னா எங்க போவுது?
ராத்திரி கிடை இங்கதான்."

ஆடு மென்றது.
மஞ்சளும் போனது, மிச்சப் பச்சையும்.
என் அட்டவணையில்
ஆட்டுக்குக் கட்டம் இல்லை.

நூலை மட்டும் சுற்றிப் பையில் போட்டேன்.
கவாத்துக்குப் பின்
இருபதாம் நாள் வேண்டியிருக்கும்.